பையில் மருந்து, பாடையில் ஆள்

கணினி விளையாட்டில் செத்துப்போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியாக சேவ் செய்த இடத்துக்குப் போய், அதே வாள், அதே கவசம், அதே காசோடு மறுபடியும் மல்லுக்கு நிற்கலாம். மூன்று உயிர், ஐந்து உயிர் என்று முன்கூட்டியே கையில் கொடுப்பதும் உண்டு. தீர்ந்துபோனால் அரை நிமிஷம் சோப்பு விளம்பரம் பார்த்து இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். எங்கள் தெருப் பொடியன்கள் மாவு மில் வரிசையில் நின்றுகொண்டே நாலைந்து தடவை செத்துப் பிழைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தைரியத்தில்தான், லீவுக்கு வந்திருந்த மகள் என் பழைய லேப்டாப்பில் நெட்ஹாக் என்ற ஒன்றைப் போட்டபோது சும்மா இருந்துவிட்டேன். "வாட்ஸ்அப்ல சித்தப்பா அனுப்புற வைத்தியக் குறிப்பையே படிச்சிட்டு இருக்காதீங்கப்பா. மூளைக்கு ஏதாவது வேலை குடுங்க" என்றாள். அவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருஷம். நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு. மூளையை ஏற்கெனவே மாதச் சம்பளத்துக்கு வாடகைக்கு விட்டாயிற்று என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

படம் என்று எதுவும் கிடையாது. கறுப்புத் திரை, வரிசையாகப் புள்ளிகள், சுவருக்குக் கோடுகள், நடுவே மின்னஞ்சல் முகவரியில் வருமே, அந்தச் சுழி. "அதுதாம்ப்பா நீங்க" என்றாள். பக்கத்தில் சின்ன 'டி' எழுத்து ஒன்று குதித்துக்கொண்டிருந்தது. அது என் நாய்க்குட்டி. கொஞ்ச தூரம் போனதும் இன்னும் நாலு 'டி' வந்தன. நம் நாயின் உறவுக்காரர்கள் போலும் என்று ஒதுங்கி வழிவிட்டேன். குள்ளநரிகள். திரையில் கோடும் புள்ளியுமாக ஒரு கல்லறை எழும்பியது. லேப்டாப்பில் என் பெயர் எப்படிப் பதிவாகியிருந்ததோ அப்படியே, இனிஷியலோடு, கல்லறை மேல் வந்துவிட்டது. கையிருப்புத் தங்கம் இவ்வளவு, சாவுக்குக் காரணம் குள்ளநரி, வருஷம் இது. பத்திரிகையில் கண்ணீர் அஞ்சலி போட்டால்கூட இத்தனை விவரம் தரமாட்டார்கள்.

"கன்டினியூ எங்கம்மா இருக்கு?"

"அதெல்லாம் கிடையாதுப்பா. செத்தா செத்ததுதான். முதல்லேர்ந்து வேற ஆளு."

இதற்குப் பெர்மாடெத் என்று பெயராம். ஒரு லாபம் இருந்தது. புள்ளியும் எழுத்துமாக நிறைந்த அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, நான் கோடிங் கற்றுக்கொள்வதாக என் மனைவி முடிவு கட்டிவிட்டாள். ஒரு வாரம் கேட்காமலே காபி வந்தது. எதிர்வீட்டில், "இந்த வயசுல படிக்கிறாரு" என்று சொன்னதாகவும் கேள்வி. அவள் நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் அவ்வப்போது நெற்றியைச் சுருக்கிக்கொண்டேன்.

இந்தக் கொடுமைக்கு மூலவர் ரோக் என்ற விளையாட்டு. 1980 வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் எழுதியது. பெர்க்லியில் இருந்த கென் ஆர்னால்டு பிறகு சேர்ந்துகொண்டார். எழுத்துகளைத் திரையில் நினைத்த இடத்தில் வைக்க உதவும் கர்சஸ் என்ற நிரல் தொகுப்பு அவருடையது. 26 மாடி ஆழம் இறங்கி, யெண்டாரின் தாயத்தை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். 1983-ல் 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸோடு சேர்ந்து பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவி, படிக்க வந்த பிள்ளைகளை ராத்திரி முழுக்க டெர்மினல் முன்னால் உட்கார வைத்தது. சுரங்கம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக முளைக்கும். எந்த நிற மருந்து என்ன செய்யும் என்பதும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். நேற்றுக் காயத்தை ஆற்றிய நீலம் இன்று கண்ணைக் குருடாக்கலாம்.

ரோக்கிலும் சரி, நெட்ஹாக்கிலும் சரி, சேவ் வசதி உண்டு. ஆனால் சாப்பிடப் போகவும் தூங்கப் போகவும் மட்டும்தான். திரும்ப வந்து கோப்பைத் திறந்தால் ஆட்டம் தொடங்கும், கோப்பு அழிந்துவிடும். காரணம் யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. கோப்பு அழியாவிட்டால் என்னைப் போன்ற ஆள் என்ன செய்வான்? பையில் உள்ள மருந்தையெல்லாம் வரிசையாகக் குடித்துப் பார்த்து, எது எதுவென்று நோட்டில் எழுதிக்கொண்டு, செத்துவிட்டு, பழைய கோப்பைத் திறந்து உத்தமன் மாதிரி நடந்து வருவான். வருவான் என்ன, வந்தான். ரேஷன் கார்டு முதல் கரண்ட் பில் வரை எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ் வைத்திருக்கும் குடும்பம் இது. சேவ் கோப்பை வேறு ஃபோல்டரில் நகலெடுத்து வைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 'வீட்டு வரி' என்று பெயர் வைத்த ஃபோல்டரில் அதைப் பத்திரப்படுத்தியிருந்தேன்.

மகள் கண்டுபிடித்துவிட்டாள். இதற்கு சேவ் ஸ்கம்மிங் என்று பெயர் என்றும், கண்ணியமானவர்கள் செய்யமாட்டார்கள் என்றும் சொல்லி, என் கண் முன்னாலேயே அழித்தாள். கூடவே உண்மையான வீட்டு வரி ரசீதும் போயிற்று.

அதற்குப் பிறகு நேர்மையாகத்தான் செத்தேன். அப்போதுதான் என்னைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தது. எனக்குக் கிடைக்கும் எதையும் நான் உபயோகிப்பதில்லை.

எங்கள் பரணில் கல்யாணத்துக்கு வந்த ஃபிளாஸ்க் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. ஸ்வீட் டப்பாக்கள், கட்டைப்பைகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள் என்று ஒரு சமயத்துக்கு உதவக் காத்திருக்கும் சாமான்கள் ஏராளம். அந்தச் சமயம் இன்னும் வரவில்லை. சுரங்கத்துக்குள்ளும் நான் அதே ஆள்தான். வழியில் கிடக்கும் மருந்துப் புட்டி, மந்திரச் சுருள், கோல், மோதிரம் எல்லாவற்றையும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். குடிக்கமாட்டேன், படிக்கமாட்டேன், போட்டுக்கொள்ளவும் மாட்டேன். கடைசியில் சுமை தாங்காமல் சுழி மெல்ல நகரும். கீழே எதையாவது போடலாமே என்றால் மனசு வராது.

ஒரு ராத்திரி ஐந்தாம் மாடியில் சிப்பாய் எறும்புகள் சூழ்ந்துகொண்டன. ஊரில் உள்ள பூதம், டிராகனை எல்லாம் விட்டுவிட்டு நெட்ஹாக் ஆடுகிறவர்கள் அலறுவது இந்த எறும்புக்குத்தான். நான் ஒரு அடி வைப்பதற்குள் அது இரண்டு கடி கடித்துவிடும். மகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையில ஏழு மருந்து இருக்குப்பா. ஒண்ணைக் குடிங்க."

"இரும்மா. ஆபத்துக்குன்னு வெச்சிருக்கேன்."

"இதுதாம்ப்பா ஆபத்து."

"இதைவிடப் பெருசா ஒண்ணு வந்தா?"

வரவில்லை. கல்லறைதான் வந்தது. ஆனால் நெட்ஹாக் அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கும்: உன் உடைமைகளெல்லாம் என்னவென்று தெரிந்துகொள்ள விருப்பமா? ஆம் என்று தட்டினேன். பட்டியல் வந்தது. அந்தக் கலங்கல் நிற மருந்து, முழுக் குணம் தருவது. இரண்டு புட்டி. போட்டுக்கொள்ளாமல் வைத்திருந்த தாயத்து, உயிர் போனால் ஒருமுறை திருப்பித் தருவது. வாழ்க்கையில் எத்தனையோ ஆடிட் ரிப்போர்ட் வாசித்திருக்கிறேன். இப்படி வயிற்றைக் கலக்கியது எதுவுமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சூரன். சுரங்கத்தில் கடைகள் உண்டு, கடைக்காரர் உண்டு. பொருள் என்னவென்று தெரியாவிட்டாலும் விலையைக் கேட்டால் பாதி தெரிந்துவிடும். சுருள்களிலேயே அடிப்படை விலை 20 உள்ளது ஒன்றே ஒன்றுதான், மற்ற பொருள்களை அடையாளம் காட்டும் சுருள். ஆகவே கடைக்குள் போய் ஒவ்வொன்றாக எடுத்து விலை கேட்டு, வைத்துவிட்டு, எதுவும் வாங்காமல் வெளியே வருவது அங்கே ஒரு கலை. இதற்காக இணையத்தில் பக்கம் பக்கமாக விலை அட்டவணை எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய ஜவுளிக்கடையில் மூன்று மாடி ஏறி இறங்கி, ஒரு கர்ச்சீப் வாங்கி வரும் குடும்பத்தலைவனுக்கு அட்டவணை எதற்கு?

சாப்பாட்டு விஷயத்தில் அனுபவம் கைகொடுக்கவில்லை. நெட்ஹாக்கில் பசி உண்டு. சாப்பிடாவிட்டால் மயக்கம் போட்டுச் சாகலாம். வயிறு நிறைந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டே போனால் தொண்டையில் அடைத்தும் சாகலாம். எங்கள் வீட்டில் ராத்திரி மிச்சம் விழும் எதுவும் என் தட்டுக்குத்தான் வரும். ஒரு கரண்டி சாம்பார், அரை தோசை, யாருக்கும் வேண்டாத முட்டைக்கோஸ் பொரியல், "வீணாப் போயிடும், நீங்களே முடிச்சிடுங்க." அந்தப் பழக்கத்தில் அங்கேயும் ஒரு பெரிய ஊனை வீணாக்க மனமின்றித் தின்று முடிக்கப் போனேன். சாவுக்குக் காரணம், உணவு அடைத்து. கல்லறை வாசகத்தை மனைவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது, "பாத்தீங்களா, கோடிங்ல இதெல்லாம் வருமா?" என்று கேட்டாள். அன்றோடு காபி நின்றது.

அவளுக்கும் இந்த விளையாட்டில் பிடித்துப்போன ஒன்று உண்டு. நெட்ஹாக் பஞ்சாங்கம் பார்க்கும். விளையாட்டாகச் சொல்லவில்லை. கணினியின் கடிகாரத்தைப் பார்த்து, இன்று பௌர்ணமி என்றால் அதிர்ஷ்டம் என்று திறக்கும்போதே சொல்லும். அதிர்ஷ்டக் கணக்கில் உண்மையிலேயே ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமையில் 13-ஆம் தேதி வந்தால் எச்சரிக்கும். அன்றைக்குக் கடவுளைக் கூப்பிடுவதுகூட ஆபத்து. அமாவாசையில் காக்கட்ரைஸ் என்ற சேவல்தலைப் பிராணியின் சீறலைக் கேட்டால் உடம்பு கல்லாகத் தொடங்கும். பையில் செத்த பல்லி ஒன்று இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். அந்தப் பல்லி எத்தனை நாளானாலும் அழுகாது. "அமெரிக்காக்காரனுக்குப் பல்லி சாஸ்திரம் தெரிஞ்சிருக்கு பாருங்க" என்று அவள் வியந்துபோனாள். தினசரிக் காலண்டரைக் கிழிக்க மறந்த நாளில் என்னிடம் வந்து, "உங்க விளையாட்டைத் திறந்து இன்னிக்குப் பௌர்ணமியா பாருங்க" என்று கேட்கும் அளவுக்குப் போயிற்று.

இவ்வளவு கண்டிப்பான விளையாட்டில்கூடப் பூர்வீகச் சொத்து உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. சுரங்கத்தில் கொஞ்சம் ஆழத்தில் போய் நீங்கள் செத்தால், சில வேளை அந்த மாடியை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளும். எலும்புக் கோப்பு என்பார்கள். பின்னால் வரும் உங்கள் வேறொரு ஆள் அதே மாடிக்குள் நுழையலாம். அங்கே உங்கள் பழைய சாமான்கள் குவியலாகக் கிடக்கும். பக்கத்தில் உங்கள் பெயரிலேயே ஒரு ஆவி இருக்கும். உங்களைக் கொன்ற ஜந்துவும் பெரும்பாலும் அங்கேயேதான் உலாவிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் சமாளித்துச் சொத்தை எடுத்தால், ஒவ்வொரு பொருளுக்கும் 80 சதவீதம் சாபம் பிடித்திருக்க வாய்ப்பு. சாபம் பிடித்த வாளை எடுத்தால் கையை விட்டு வராது. மோதிரம் விரலை விட்டுக் கழலாது.

இதை எழுதியவருக்கு எங்கள் குடும்பத்தை எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அப்பா எனக்கு விட்டுப் போனவை: சாவி தொலைந்த இரும்புப் பீரோ ஒன்று, இன்னும் கோர்ட்டில் இருக்கும் இரண்டரை சென்ட் மனை ஒன்று, அந்த மனையின் காரணமாக என்னோடு பேசாத ஒரு பெரியப்பா குடும்பம். மனையை எடுக்கவும் முடியவில்லை, கழற்றவும் முடியவில்லை. நெட்ஹாக்கில் பரவாயில்லை, சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பொருளைப் பலிபீடத்தில் வைத்தால் சாபம் பிடித்தது கறுப்பாக மின்னும். பீடம் கிடைக்காவிட்டால் நாயைக் கவனிக்க வேண்டும். சாபம் பிடித்த சாமானின் மேல் அது தானாகக் கால் வைக்காது. வைத்தாலும் மனசில்லாமல்தான் வைக்கும். பத்திரப் பதிவுக்குப் போகும்போது ஒரு நாயைக் கூட்டிப் போயிருக்கலாம்.

என் பழைய ஆவியை நான் சந்தித்தது ஒரே முறை. ஏழு மருந்தும் அப்படியே தரையில் இருந்தன. ஆசை ஆசையாக எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு, இந்த முறை கட்டாயம் குடிப்பது என்று தீர்மானித்து, இப்போது வேண்டாம், ஆபத்து வரட்டும் என்று பைக்குள் வைத்தேன். எறும்புகள் அங்கேயேதான் இருந்தன.

மகள் காலேஜுக்குத் திரும்பியதும் எனக்குச் சுதந்திரம் வந்தது. செத்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிற விளையாட்டு ஏதாவது உண்டா என்று தேடினேன். நிறையவே உண்டு. ஆனால் அவற்றை ரோக்லைக், அதாவது ரோக் மாதிரி, என்று சொல்லக்கூடாது, ரோக்லைட் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு கட்சி சண்டைக்கு வருகிறது. 2008-ல் இத்தகைய விளையாட்டு செய்கிறவர்கள் பெர்லினில் மாநாடு கூடி, ரோக்லைக் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பது போலத்தான்: சிலது இருந்தால் நல்லது, சிலது மிக முக்கியம். நிரந்தரச் சாவு அங்கே ரஜ்ஜுப் பொருத்தம். என் மகள் இந்த விஷயத்தில் பெர்லினைவிட ஆசாரம்.

எனக்குக் கிடைத்தது ரோக் லெகசி. 2013-ல் கனடாவின் செல்லார் டோர் கேம்ஸ் வெளியிட்டது. இதில் நீங்கள் செத்தால் உங்கள் பிள்ளை வருவான், அல்லது பெண் வருவாள். மூன்று வாரிசுகளை நிறுத்தி ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் பிறவியிலேயே ஏதாவது கோளாறு இருக்கும். நிறக்குருடு என்றால் மொத்த விளையாட்டும் பழைய கறுப்பு வெள்ளைப் படமாகிவிடும். கிட்டப்பார்வை என்றால் தூரத்தில் இருப்பதெல்லாம் மங்கல். தலைசுற்றல் என்றால் திரையே தலைகீழ். ஒருவனுக்கு வாயுத் தொல்லை, சத்தத்தோடு. இன்னொருவன் நல்ல கனம். எதிரி எவ்வளவு அடித்தாலும் பின்னால் தள்ள முடியாது.

இதில் என் மனைவி மூக்கை நுழைத்தாள். மூன்று பேரை வரிசையாக நிறுத்தி ஒருவரைத் தேர்ந்தெடுப்பது என்றால் அவளால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

"நடுவுல நிக்கிறவன் வேணாம். முகத்தைப் பாத்தாலே தெரியுது."

"அவன்தான் நல்லாச் சண்டை போடுவான்."

"சண்டை போடுறவன் எதுக்கு? இந்தக் குண்டுப் பையன் இருக்கட்டும். சாப்பிடுற குடும்பம்."

"அவனுக்கு வாயு உபத்திரவமும் சேர்ந்து இருக்கு."

"நான் முப்பது வருஷமாச் சமாளிக்கல?"

குண்டுப் பையன்தான் அந்த வம்சத்திலேயே அதிக நாள் தாக்குப்பிடித்தான் என்பதை இங்கே ஒப்புக்குச் சொல்லி வைக்கிறேன்.

இந்த விளையாட்டின் நுட்பம் காசில் இருக்கிறது. கோட்டைக்குள் செத்தவன் சம்பாதித்த தங்கம் வாரிசுக்கு வரும். அதை வைத்துக் குடும்ப மாளிகையை இடம் இடமாகக் கட்டிக்கொள்ளலாம். கட்டக் கட்டப் பின்னால் வருகிறவர்களுக்குப் பலம் கூடும். ஒன்றைக் கட்டினால் மற்ற எல்லாவற்றின் விலையும் ஏறும். ஜல்லியும் கம்பியும் வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மறுபடியும் கோட்டைக்குள் நுழைய வேண்டுமானால் வாசலில் கேரன் நிற்பான், கிரேக்கர்களின் யமலோகப் படகோட்டி. கையில் மிச்சம் இருக்கும் தங்கம் முழுவதையும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவான். சேமிப்பு என்ற பேச்சே கிடையாது. செலவழித்தது மிஞ்சும், மிச்சம் பிடித்தது போய்விடும். நான் பிறந்ததிலிருந்து எனக்குச் சொல்லித்தரப்பட்ட அத்தனைக்கும் இது நேர் எதிர்.

எனக்கு மனசு ஆறவில்லை. அவனிடம் கொடுக்காமல் தப்பிக்க ஏதாவது வழி உண்டா என்று துருவினேன். உண்டு! மாளிகையில் பேரம் பேசும் கலைக்கென்று ஒரு பகுதி கட்டலாம். ஒவ்வொரு படிக்கும் கேரனின் வசூலில் பத்து சதவீதம் குறையும். ஐந்து படி கட்டினால் பாதி மிச்சம். வாள், கவசம் எல்லாம் அப்புறம் ஆகட்டும் என்று மனைவி முதலில் அதைத்தான் கட்டச் சொன்னாள். எங்கள் வம்சத்தில் அடுத்தடுத்துப் பிறந்தவர்கள் எல்லோரும் சண்டையில் சுமார், பேரத்தில் அசகாயசூரர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பெரிய அரக்கனை வீழ்த்திவிட்டேன். உடனே மகளுக்கு வீடியோ கால். அவள் அசரவில்லை.

"நீங்க ஜெயிக்கலப்பா. உங்க தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லாம் செத்துச் சேர்த்து வெச்ச காசு ஜெயிச்சிருக்கு. அதே ஆட்டத்தை முதல் ஆளை வெச்சு ஆடுங்க பாப்போம்."

"நான் முன்னைவிட நல்லா ஆடுறேன்மா."

"நீங்க தேறினீங்களா, அவன் பலம் கூடிச்சான்னு எப்படித் தெரியும்? அதான் எனக்குப் பிடிக்கல. நெட்ஹாக்ல செத்தா கையில எதுவும் மிஞ்சாது. தெரிஞ்சுக்கிட்டது மட்டும் மிஞ்சும். அது சொந்த உழைப்பு."

சுருக்கென்று தைத்தது. இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது என் அப்பா கட்டிய வீட்டில், அவர் வாங்கிய ஈஸிசேரில். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது ஒரு பதில் கிடைத்தது; மறுநாள் காலையிலேயே போன் போட்டேன். எந்தச் சுருளுக்கு அடிப்படை விலை 20 என்று உனக்கு யார் சொன்னது? பல்லி அழுகாது என்பதை நீயாகவா பல்லியைத் தூக்கிக்கொண்டு திரிந்து கண்டுபிடித்தாய்? நெட்ஹாக் வந்தது 1987-ல். அதற்குத் தாயான ஹாக்கை மாசசூசெட்ஸில் பள்ளிக்கூடப் பையனாக இருந்த ஜே ஃபென்லசன் எழுதி, ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரீஸ் பிரௌவர் விரிவாக்கினார். அன்றைக்கிருந்து எத்தனையோ பேர் கல்லாகி, விஷம் தின்று, எறும்பு கடித்துச் செத்து, குறிப்பெழுதி வைத்ததை நீ ஹாஸ்டல் வை-ஃபையில் படித்துவிட்டு விளையாடுகிறாய். உன்னுடையதும் பூர்வீகச் சொத்துதான்; தங்கமாக வராமல் தகவலாக வந்திருக்கிறது, அவ்வளவே.

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. என் வாழ்நாளில் அவளிடம் ஒரு வாதத்தில் ஜெயித்தது அன்றுதான். "நீங்க சொல்றதும் பாயின்ட்தாம்ப்பா" என்றாள். பிறகு, "கிளாஸுக்கு நேரமாச்சு" என்றாள். அன்று ஞாயிறுக்கு மறுநாள் என்றாலும், அரசு விடுமுறை.

பொங்கலுக்கு வந்தபோது சமாதான உடன்படிக்கையாக ஹேடிஸ் வாங்கிக் கொடுத்தாள். அமெரிக்காவின் சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் செய்தது. 2018 டிசம்பரில் அரைகுறையாக விற்பனைக்கு விட்டு, ஆடுகிறவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தித் திருத்தி, 2020 செப்டம்பரில் முழுதாக வெளியிட்டார்கள். பாதாள லோக அதிபதி ஹேடிஸின் மகன் ஸாக்ரியஸ் வீட்டை விட்டு ஓடப் பார்க்கிறான். வழியில் செத்தால் ரத்தக் குளத்திலிருந்து எழுந்து சொட்டச் சொட்ட மறுபடியும் வீட்டுக்கே வருகிறான். வாசலில் உறக்கத்தின் தேவன் ஹிப்னாஸ் கையில் பட்டியலோடு நின்று, இந்த முறை எதனால் செத்தாய் என்று பார்த்துச் சொல்லி, அடுத்த முறை அது படாமல் இருக்கப் பார் என்று ஆலோசனையும் தருவார். உள்ளே மேஜைக்குப் பின்னால் மலை போன்ற மனுக்கட்டுகளுக்கு நடுவே அப்பா. நிமிர்ந்து பார்த்து ஒரு குத்தல் பேச்சு. மறுபடியும் காகிதம்.

ஆடுகிறவர்கள் எல்லோரும் மகன் பக்கம் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்த அப்பாவைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது. மார்ச் மாதம் எங்கள் அலுவலகத்தில் வந்து பார்த்தால் தெரியும். ஆயிரம் ஃபைல் பார்க்கிற மனுஷன் முன்னால் ஈரக் காலோடு ஒருத்தன் கம்பளத்தை மிதித்துக்கொண்டு வந்து நின்றால் என்ன பேசத் தோன்றும்?

இதில் செத்தால் காசு போய்விடும். இருள், சாவி, ரத்தினம் என்று சிலது மட்டும் தங்கும். இருளைக் கொண்டு ஒரு கண்ணாடி முன் நின்று பலம் கூட்டிக்கொள்ளலாம். என்னைப் போன்றவர்களுக்கு காட் மோட் என்ற சலுகையும் வைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் 20 சதவீதம் அடி குறைவாகப் படும். செத்துக்கொண்டே இருந்தால் தடவைக்கு 2 சதவீதம் கூடி 80 வரை போகும். வேலை தெரிகிறதோ இல்லையோ, சர்வீஸ் ஆக ஆக இன்க்ரிமென்ட் வரும் ஏற்பாடு. நான் சீக்கிரமே உச்சவரம்பைத் தொட்டுவிட்டேன்.

அப்படியும் நான் தப்பித்து வெளியே போகவில்லை. போகாததற்குக் காரணம் ரத்தினம். ஹேடிஸின் வீட்டில் ஒரு காண்ட்ராக்டர் ஆவி உட்கார்ந்திருக்கிறது. ரத்தினத்தைக் கொடுத்தால் வீட்டுக்குக் கம்பளம், விளக்கு, திரைச்சீலை, நாற்காலி என்று என்ன வேண்டுமானாலும் செய்து தரும். இழுத்தடிக்காது, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனை எடுக்காமல் இருக்காது, கொத்தனார் வரவில்லை என்று சொல்லாது. சொன்ன விலை, சொன்ன வேலை, திரும்பி வருவதற்குள் முடிந்திருக்கும். இப்படி ஒரு காண்ட்ராக்டரை நான் உயிரோடிருப்பவர்களில் பார்த்ததில்லை. பிறகு எதற்கு வீட்டை விட்டு ஓடுவது? இரண்டு அறை வரை போவேன், ரத்தினம் கிடைத்ததும் எதிரிக்கு முன்னால் போய் நின்று செத்துவிடுவேன், வீட்டுக்கு வந்து கம்பளம் வாங்குவேன். மூன்று தலை நாய் செர்பரஸ் மேஜை பக்கத்தில் படுத்திருக்கும், தடவிக் கொடுக்கலாம். சுகமான குடும்பம்.

மனைவி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இப்ப என்ன வாங்குனீங்க?"

"ஹாலுக்குத் திரைச்சீலை. நல்ல கருஞ்சிவப்பு."

"நம்ம ஹால் ஜன்னல்ல பழைய வேட்டி தொங்குது. ரெண்டு மாசமா மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்குது, நான் குடத்துல தூக்குறேன்."

"இது ரத்தினத்துல வாங்குறது. இங்க செல்லாது."

"அப்ப ராத்திரிச் சாப்பாடும் அங்கேயே சாப்பிட்டுக்குங்க."

ஹேடிஸ் வீட்டில் தலைமைச் சமையற்காரர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். ஆனால் மீன் பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தால் அவர் பதிலுக்கு ரத்தினம் மாதிரி ஏதாவது தருவாரே தவிர சோறு போடமாட்டார். எழுந்து போய் மோட்டார்காரருக்கு போன் போட்டேன். நாளைக்குக் காலையில் கண்டிப்பாக வருகிறேன் சார் என்றார், போன மாதம் சொன்ன அதே குரலில்.